வெளிநாட்டு ஆன்லைன் ஏலத்தில் வாங்கும்போது பணத்தைப் பத்திரமாகக் கட்டுவது எப்படி: மும்பைத் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய கேமரா லென்ஸ், கைக்கடிகார உதிரிபாகம், தபால்தலை, பேனா, இசைத்தட்டு என்று சோர் பஜாரில் தேடிக் கிடைக்காத பொருளுக்காக வெளிநாட்டு ஏலத் தளங்களுக்குப் போகிறவர்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் நிறையவே இருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதலில் ஏலம் கேட்கிறார்கள், வென்ற பிறகுதான் பணத்தை எப்படிக் கட்டுவது என்று யோசிக்கிறார்கள். அந்த அவசரத்தில் விற்பவர் எந்த வழியைச் சொல்கிறாரோ அந்த வழியில் பணம் போய்விடுகிறது.

பணம் திரும்பி வருமா என்பது விற்பவர் நல்லவரா கெட்டவரா என்பதைவிட, பணம் எந்த வழியில் போனது என்பதைப் பொறுத்தது. ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் ஏலம் கேட்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள்தான். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. பெயரையும் முகவரியையும் முதலில் ஒன்றாக்குங்கள்

இது அற்பமாகத் தெரியும். ஆனால் தமிழ்ப் பெயர்களுக்கு இதுவே பெரிய தலைவலி. கார்டில் ‘முருகன் எஸ்’, ஆதாரில் ‘எஸ். முருகன்’, பான் அட்டையில் இனிஷியல் விரிந்து ‘செல்வம் முருகன்’, ஏலத் தளத்தில் வெறும் ‘முருகன்’ என்று நான்கு விதமாக இருக்கும். கொரியரில் வரும் பார்சலைச் சுங்கத்திலிருந்து விடுவிக்க உங்கள் அடையாள அட்டை வேண்டும். பார்சல் மேல் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் பார்சல் அங்கேயே நிற்கும். பணத் தகராறு வந்தாலும், கட்டியவரும் வாங்கியவரும் ஒருவரே என்று காட்ட வேண்டியிருக்கும்.

பான் அட்டையில் உள்ள விரிந்த பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஏலத் தளத்திலும், ஆன்லைன் பணச் சேவையான பேபாலிலும், டெலிவரி முகவரியிலும் அதையே போடுங்கள். ‘குடும்பப் பெயர்’ என்று கேட்கும் கட்டத்தில் ஓர் இடத்தில் அப்பா பெயர், இன்னோர் இடத்தில் சொந்தப் பெயர் என்று மாற்றி மாற்றி நிரப்பாதீர்கள்.

முகவரியில் ரூம் எண், கட்டடம் அல்லது சொசைட்டி பெயர், தெரு, பகுதி, மும்பை, ஆறு இலக்கப் பின்கோடு, இந்தியா என்று இருந்தால் போதும். ‘கோவிலுக்கு எதிரே, மருந்துக்கடைக்குப் பின்னால்’ என்று நீட்டினால் லேபிளில் வரி அறுபட்டு, கடைசியில் பின்கோடே காணாமல் போகும். செல்பேசி எண்ணை 91 என்ற நாட்டுக் குறியீட்டோடு கொடுங்கள். கொரியர்காரர் அடையாள அட்டை கேட்டு அனுப்பும் செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

2. கார்டைத் தயார்செய்யுங்கள்

கைக்கு வந்த கார்டு வெளிநாட்டுத் தளத்தில் அப்படியே வேலை செய்யாது. ரிசர்வ் வங்கியின் 2020 உத்தரவுப்படி, புதிய கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும் வேலை செய்யும் நிலையில்தான் வருகின்றன. ஆன்லைன், வெளிநாடு இரண்டையும் வாடிக்கையாளரே வங்கி ஆப்பில் தனித்தனியாகத் திறக்க வேண்டும். பலர் ‘இன்டர்நேஷனல்’ என்பதை மட்டும் திறந்துவிட்டு, அதன் கீழே இருக்கும் ‘ஆன்லைன்’ பொத்தானைக் கவனிப்பதில்லை. கார்டு மறுக்கப்பட்டால் முதலில் அதைப் பாருங்கள்.

டெபிட் கார்டைவிடக் கிரெடிட் கார்டு நல்லது. கிரெடிட் கார்டில் தகராறு வந்தால் மாட்டிக்கொண்டிருப்பது வங்கி கொடுத்த கடன். டெபிட் கார்டில் உங்கள் சம்பளப் பணமே வெளியே போய்விடுகிறது, விசாரணை முடியும்வரை அது இல்லாமல்தான் மாதத்தை ஓட்ட வேண்டும். விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் பெரும்பாலான ஏலத் தளங்களில் எடுபடும். யுபிஐயை நம்பி ஏலத்தில் இறங்காதீர்கள்.

வெளிநாட்டு ஆன்லைன் செலவுக்கான வரம்பை, வாங்கப்போகும் பொருளின் மொத்தச் செலவைவிடச் சற்றே கூடுதலாக வையுங்கள். பதினைந்தாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு வரம்பு பதினெட்டாயிரம் போதும். வெளிநாட்டுத் தளங்களில் பல நேரம் ஓடிபி கேட்காமலேயே பணம் எடுபட்டுவிடும். கார்டு விவரம் திருடுபோனால் நஷ்டத்தைக் கட்டுப்படுத்துவது அந்த வரம்பு ஒன்றுதான். பணம் கட்டி முடிந்த அன்றே இன்டர்நேஷனல் பொத்தானை மூடிவிடுங்கள்.

துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் அண்ணனின் கார்டில் கட்டச் சொல்வது நம் வீடுகளில் சாதாரணம். பொருள் சரியாக வந்தால் பிரச்சினை இல்லை. வராவிட்டால் புகார் கொடுக்கும் உரிமை கார்டுக்காரருக்குத்தான், உங்களுக்கு இல்லை. பொருளைப் பார்த்தவர் ஒருவர், புகார் எழுத வேண்டியவர் வேறொருவர், இருவருக்கும் நடுவில் வாட்ஸ்அப் என்று ஆகிவிடும். முடிந்தவரை சொந்தக் கார்டிலேயே கட்டுங்கள்.

3. எவ்வளவு வரை கேட்கலாம் என்று கணக்குப் போடுங்கள்

ஏலத் தொகை மட்டுமே விலை அல்ல. அதோடு சேர்வன: ஏல நிறுவனம் வாங்குபவரிடம் வசூலிக்கும் பிரீமியம், அனுப்பும் செலவு, காப்பீடு, வங்கியின் நாணய மாற்றுக் கட்டணம், சுங்க வரி, கொரியர் நிறுவனத்தின் கிளியரன்ஸ் கட்டணம். ஐரோப்பிய, அமெரிக்க ஏல நிறுவனங்களில் பிரீமியம் சுத்தியல் விலையில், அதாவது ஏலம் முடிந்த தொகையில், 20 முதல் 30 சதவீதம் வரை இருப்பது வழக்கம். தனிநபர் விற்கும் ஈபே போன்ற தளங்களில் வாங்குபவருக்கு இந்தப் பிரீமியம் பொதுவாகக் கிடையாது.

ஓர் உதாரணம். லென்ஸ் 120 யூரோ, அனுப்பும் செலவு 30 யூரோ. கணக்குக்கு எளிதாக ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 15,000 ரூபாய். பல கார்டுகளில் நாணய மாற்றுக் கட்டணம் 3.5 சதவீதம். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 4.13 சதவீதம். ஆக 620 ரூபாய் கூடும்.

சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டும் அல்ல, அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த தொகைக்குப் போடப்படுகிறது. கணக்கு இப்படிப் போகும்: முதலில் அடிப்படைச் சுங்க வரி, பிறகு அந்த வரியில் 10 சதவீதம் சமூக நல மேல்வரி, கடைசியாகப் பொருளின் விலையோடு இவை எல்லாம் சேர்ந்த தொகைக்கு ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி). கணக்கைப் பழகுவதற்காக மட்டும் அடிப்படை வரி 10, ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்று வைத்துக்கொண்டால்: 15,000-க்கு அடிப்படை வரி 1,500, மேல்வரி 150, சேர்ந்து 16,650, அதற்கு ஐஜிஎஸ்டி 2,997. மொத்த வரி 4,647 ரூபாய். இரண்டு சதவீதத்தைக் கூட்டி 28 என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வரிமேல் வரி ஏறுவதால் கிட்டத்தட்ட 31 சதவீதம் வருகிறது. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் விகிதம் மாறும். வாங்கும் மாதத்தில் உள்ள விகிதத்தைச் சுங்கத் துறை இணையதளத்தில் பார்த்து இதே வரிசையில் போட்டுப்பாருங்கள்.

ஆக 15,000 என்று நினைத்தது 20,000-ஐத் தாண்டிவிட்டது. உங்கள் உச்ச விலையைக் கடைசித் தொகையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு ஏலத்துக்குப் போங்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு முடியும் ஏலம் மும்பையில் திங்கள் காலை ஆறரைக்கோ ஏழரைக்கோ முடியும். ஜெர்மனியின் ஞாயிறு இரவு ஏலம் நமக்கு நள்ளிரவை ஒட்டி வரும். அரைத்தூக்கத்தில் கணக்குப் போட முடியாது.

4. பொருள் நாட்டுக்குள் வருமா என்று பாருங்கள்

தடைசெய்யப்பட்ட பொருளுக்குக் கட்டிய பணத்தை எந்தப் பாதுகாப்புத் திட்டமும் திருப்பித் தராது. சுங்கத்தில் சிக்கினால் அது வாங்கியவரின் பொறுப்பு. டிரோன் இறக்குமதி 2022 பிப்ரவரியிலிருந்து தடைசெய்யப்பட்டுள்ளது. தந்தக் கைப்பிடி, ஆமை ஓடு, அரிய விலங்குத் தோல் உள்ள பழம்பொருள்கள் வனவிலங்குச் சட்டத்துக்குள் வரும். தங்க, வெள்ளி நாணயங்களுக்குத் தனி விதிகள். ரேடியோ, வாக்கிடாக்கி போன்ற அலைவரிசைக் கருவிகளுக்கு அனுமதி தேவைப்படலாம். லித்தியம் பேட்டரியோடு வரும் பழைய கேமராவை விமானத் தபாலில் ஏற்ற மறுக்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு அனுப்பும்படி முன்பே சொல்லுங்கள்.

பயன்படுத்திய பொருள் இறக்குமதியே வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வகையில்தான் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான சின்னப் பொருள் பெரும்பாலும் வரி கட்டியதும் வந்துவிடுகிறது. ஆனால் விலை லட்சத்தைத் தொட்டால், ஏலத்துக்கு முன்பே ஒரு சுங்கத் தரகரிடம் கேட்டுவிடுங்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்க ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டியதில்லை.

5. விற்பவரை எடைபோடுங்கள்

விற்பவருக்குக் கிடைத்த நல்ல கருத்துகளின் மொத்தச் சதவீதத்தைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். 99 சதவீதம் உள்ளவர்கூட ஐந்து வருடமாக பத்து டாலர்ப் பொருள்களை விற்றுவிட்டு, திடீரென்று ஆயிரம் டாலர்க் கேமராக்களை ஏலத்தில் போட்டால் அந்தக் கணக்கு வேறு யார் கையிலோ இருக்கலாம். கடைசி மூன்று மாதக் கருத்துகளையும், இதே விலையில் அவர் எதை விற்றார் என்பதையும் பாருங்கள்.

பிறகு ஒரு கேள்வி அனுப்புங்கள், தளத்தின் மெசேஜ் பெட்டி வழியாகவே. ‘லென்ஸின் பின்பக்கத்தைச் சாய்வான வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா’ என்பது போன்ற, பொருள் கையில் இருந்தால்தான் பதில் சொல்லக்கூடிய கேள்வி. பொருள் இல்லாதவர் சாக்குச் சொல்வார், அல்லது ‘வாட்ஸ்அப்பில் பேசலாம்’ என்பார். இரண்டாவது பதில் வந்தால் அந்த ஏலத்தை விட்டுவிடுங்கள்.

இந்தியாவுக்கு அனுப்புவாரா, எந்த வழியில் அனுப்புவார், டிராக்கிங் உண்டா என்பதையும் இப்போதே எழுத்தில் வாங்கிவையுங்கள். வென்ற பிறகு கேட்டால் பதில் அவருக்குச் சாதகமாகத்தான் இருக்கும்.

6. எந்த வழியில் கட்டுவது

மேலிருந்து கீழாக, பாதுகாப்பு குறைந்துகொண்டே போகும் வரிசையில் சொல்கிறேன்.

ஏலத் தளத்தின் சொந்தச் செக்அவுட் வழியாகக் கிரெடிட் கார்டு. இதுதான் முதல் தேர்வு. ஈபேயில் இப்படிக் கட்டினால் தளத்தின் பணம் திரும்பும் உத்தரவாதம் ஒன்று, கார்டு வங்கியின் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்பது) ஒன்று என்று இரண்டு அரண்கள். பொருள் வராவிட்டாலும் விவரித்தபடி இல்லாவிட்டாலும் ஈபேயில் முறையிடலாம். டெலிவரிக்குச் சொன்ன கடைசித் தேதியிலிருந்தோ பொருள் கைக்கு வந்த நாளிலிருந்தோ 30 நாள் அவகாசம்.

அடுத்தது பேபால், அதுவும் கிரெடிட் கார்டை இணைத்து. பேபால் இந்தியாவுக்குள் நடக்கும் பரிவர்த்தனைகளை 2021 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. வெளிநாட்டு விற்பவருக்குக் கட்டுவது தொடர்கிறது. இதன் பலன் கார்டு எண் விற்பவரிடம் போகாது என்பதும், தகராறு எழுப்பப் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள் இருக்கிறது என்பதும். சின்ன ஏல நிறுவனங்களிடமும் தனிக் கடைகளிடமும் வாங்க இதுவே வசதி. ‘நண்பருக்கு அனுப்புவது போல அனுப்புங்கள், எனக்குக் கமிஷன் மிச்சம், உங்களுக்கு விலை குறைப்பேன்’ என்று கேட்பார்கள். அந்த வகைக் கட்டணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. நான்கு சதவீதத்துக்காக நூறு சதவீதத்தைப் பணயம் வைக்க வேண்டாம்.

மூன்றாவது, பணத்தை இடையில் நிறுத்திவைக்கும் ‘எஸ்க்ரோ’ தளங்கள். பொருள் உங்களை வந்து சேரும்வரை விற்பவருக்குப் பணம் போகாது. நல்ல ஏற்பாடு. ஆனால் எஸ்க்ரோ நிறுவனத்தின் பெயரை விற்பவர் சொல்லக் கூடாது. போலி எஸ்க்ரோ தளத்தைத் தானே கட்டிவைத்து அதன் இணைப்பை அனுப்புவது பழைய மோசடி.

நான்காவது வங்கி வயர், அதாவது உங்கள் வங்கியிலிருந்து வெளிநாட்டு வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்புவது. பெயர் பெற்ற ஏல நிறுவனத்துக்கு மட்டும். எட்டாம் பகுதியில் இதைத் தனியாகப் பார்ப்போம்.

இதற்குக் கீழே உள்ளவற்றை வரிசைப்படுத்தவே தேவையில்லை. கேஷ் பிக்அப் வகைப் பணப் பரிமாற்றம், கிஃப்ட் கார்டு எண், கிரிப்டோ, தனிநபர் கணக்குக்கு நேரடி டிரான்ஸ்ஃபர். இவற்றில் ஒருமுறை போன பணத்தைத் திருப்பி இழுக்கும் கயிறு யார் கையிலும் இல்லை. ஈபே தன் தளத்துக்கு வெளியே பணம் கட்டுவதையே தடைசெய்கிறது. அப்படிக் கட்டினால் உத்தரவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொரு பள்ளம்: அமெரிக்காவில் ஒரு பார்வர்டிங் முகவரி வாங்கி, அங்கிருந்து மும்பைக்கு மறுபடி அனுப்பச் சொல்வது. அனுப்பும் செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் முதல் முகவரியில் பார்சல் சேர்ந்துவிட்டால் ஈபேயின் பார்வையில் டெலிவரி முடிந்தது. அங்கிருந்து மறுபடி அனுப்பிய பொருளுக்கு உத்தரவாதம் பொருந்தாது. விலை உயர்ந்த பொருளுக்கு இந்த வழி வேண்டாம்.

7. வென்ற பிறகு, கட்டும் நேரத்தில்

வெற்றி மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தட்டாதீர்கள். தளத்தின் ஆப்பையோ முகவரியையோ நீங்களே திறந்து, ‘வாங்கியவை’ பகுதிக்குப் போய்க் கட்டுங்கள். ஏலம் முடிந்த சில மணி நேரத்துக்குள் போலி இன்வாய்ஸ் வருவது வழக்கம். ஏலத்தில் தோற்றவர்களுக்கு ‘வென்றவர் பின்வாங்கிவிட்டார், உங்களுக்கே தருகிறேன்’ என்று ஒரு மின்னஞ்சல் வரும். உண்மையான இரண்டாம் வாய்ப்பு என்றால் அது தளத்தின் மெசேஜ் பெட்டியிலும் இருக்கும். அங்கே இல்லையென்றால் பொய்.

கட்டும் பக்கத்தில் ‘ரூபாயில் கட்டவா, யூரோவில் கட்டவா’ என்று கேட்டால் விற்பவரின் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய்த் தொகை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் என்பதால் பலர் அதைத் தட்டுகிறார்கள். அந்த விகிதத்தை நிர்ணயிப்பது பணம் வாங்கும் தரப்பு, அதில் அவர்கள் லாபமும் சேர்ந்திருக்கும். வெளிநாட்டு நிறுவனத்துக்கு ரூபாயில் கட்டினாலும் சில வங்கிகள் தனிக் கட்டணம் போடுகின்றன.

கட்டுவதற்கு முன் ஏலப் பக்கத்தை முழுதாக, படங்களோடும் விவரணையோடும், பிடிஎஃப்பாகச் சேமித்துவிடுங்கள். கொஞ்ச காலத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் மறைந்துவிடும். ‘பூஞ்சை இல்லை’ என்று அவர் எழுதியதற்கு அப்போது வேறு சாட்சி இருக்காது.

8. ஏல நிறுவனம் வயர் மட்டுமே வாங்கினால்

இன்வாய்ஸில் உள்ள வங்கி விவரத்தைச் சரிபார்க்காமல் அனுப்பக் கூடாது. மின்னஞ்சலை இடையில் பிடித்துக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி அனுப்புவது, பெரிய தொகைகள் காணாமல் போகும் முக்கிய வழி. இன்வாய்ஸில் உள்ள தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்து, கணக்கு எண்ணை அவர்களை வாசிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். ‘எங்கள் வங்கி மாறிவிட்டது’ என்று நடுவில் ஒரு மின்னஞ்சல் வந்தால் மறுபடியும் அழையுங்கள்.

ஐரோப்பா என்றால் ஐபான் (IBAN) என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண் இருக்கும். அதன் முதல் இரண்டு எழுத்து நாட்டைச் சொல்லும். ஜெர்மன் ஐபான் 22 இடம் கொண்டது, பிரெஞ்சு, இத்தாலிய ஐபான்கள் 27. வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் கோடு 8 அல்லது 11 இடம். அமெரிக்காவுக்கு 9 இலக்க ரூட்டிங் எண்ணும், பிரிட்டனுக்கு 6 இலக்க சார்ட் கோடும் கேட்கலாம். மியூனிக் ஏல நிறுவனத்துக்கு வேறு நாட்டு ஐபான் வந்தால் காரணம் கேளுங்கள். ஆன்லைன் வங்கிகளை வைத்திருப்பவர்களுக்கு அப்படி இருப்பது சாத்தியம், ஆனாலும் விளக்கம் வாங்காமல் அனுப்ப வேண்டாம். கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் ஒரு தனிநபர் பெயரில் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

வங்கியில் விண்ணப்பம், பான், இன்வாய்ஸ் மூன்றும் கேட்பார்கள். அந்நியச் செலாவணிப் பணி எல்லாக் கிளைகளிலும் நடக்காது, எந்தக் கிளை என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பொருள் வருவதற்கு முன் கட்டுவதற்கான நோக்கக் குறியீடு எஸ்0101. ‘குடும்பப் பராமரிப்பு’, ‘அன்பளிப்பு’ என்று எளிதாக முடிக்கச் சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள். நாளை சுங்கம் பணம் கட்டிய சான்று கேட்கும்போது, பொருளும் பணமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும். பொருள் வந்தபின் இறக்குமதிச் சான்றையும் வங்கி கேட்கும்: கொரியர் என்றால் பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கலாகும் இறக்குமதி ஆவணம்), தபால் என்றால் சுங்க மதிப்பீட்டுத் தாள். அதைத் தூக்கி எறிந்துவிட்டு அலைகிறவர்கள் உண்டு.

வங்கிக் கட்டணத்தை ‘OUR’ என்ற வகையில் போடச் சொல்லுங்கள், அதாவது எல்லாக் கட்டணமும் உங்கள் தலையில். பகிர்ந்துகொள்ளும் ‘SHA’ வகையில் இடைநிலை வங்கிகள் வழியிலேயே ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளும். ஏல நிறுவனத்துக்குக் குறைவாகப் போய்ச் சேர்ந்தால், மீதி வரும்வரை பொருளை அனுப்ப மாட்டார்கள்.

9. ஜப்பான் ஏலம் தனிக் கதை

யாஹூ ஜப்பான் ஏலத்தில் விற்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை. பையீ (Buyee), சென்மார்க்கெட் (ZenMarket) போன்ற ப்ராக்ஸி சேவைகள் உங்களுக்காக ஏலம் கேட்டு, ஜப்பானுக்குள் பணம் கட்டி, தங்கள் கிடங்கில் வாங்கி, பிறகு அனுப்புகின்றன. நீங்கள் பணம் கட்டுவது ப்ராக்ஸிக்கு, விற்பவருக்கு அல்ல. எனவே ப்ராக்ஸி தன் வேலையைச் செய்யாவிட்டால்தான் கார்டு வங்கியிடம் வாதாட முடியும். பொருள் பழுது என்பதற்கு அங்கே பிடி இல்லை.

விவரணையில் ‘ஜங்கு’ என்ற சொல் இருந்தால் பழுதுக்கு விற்பவர் பொறுப்பில்லை. ‘நோ க்ளெய்ம், நோ ரிட்டர்ன்’ என்பதும் அதே. மொழிபெயர்ப்பில் இவை நழுவிவிடுகின்றன, மூலப் பக்கத்தையும் பாருங்கள். கட்டணம் இரண்டு தவணையாக வரும்: முதலில் பொருள் விலையும் சேவைக் கட்டணமும், பெட்டி எடைபோட்ட பிறகு அனுப்பும் செலவு. இரண்டுக்கும் கார்டைத் திறந்துவைக்க மறந்து, கிடங்கு வாடகை ஏறவிடுவது புதியவர்களின் வழக்கமான தவறு. கிடங்குக்கு வந்ததும் படம் எடுத்து அனுப்பும் சேவை இருந்தால் அதற்குக் காசு கொடுங்கள். அனுப்பும் முன் கண்டுபிடித்த பழுதைத்தான் பேசித் தீர்க்க முடியும்.

10. கட்டியபின் இரண்டு தேதிகளைக் குறித்துவையுங்கள்

ஒன்று, ஏலத் தளம் சொன்ன கடைசி டெலிவரித் தேதியோடு 25 நாள். இன்னொன்று, பேபாலில் கட்டியிருந்தால் கட்டிய நாளிலிருந்து 170-வது நாள். காலக்கெடுவுக்குச் சில நாள் முன்பே இவை மணி அடிக்கட்டும். ஜப்பானிலிருந்து கப்பல் தபால் இரண்டு மூன்று மாதம் எடுக்கும். ‘இன்னும் கொஞ்சம் பொறுங்கள், வந்துவிடும்’ என்று அன்பாகப் பேசியே கெடுவைத் தாண்டவைக்கிற விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர் மேல் நம்பிக்கை இருந்தாலும் கெடுவுக்குள் முறையிட்டுவிடுங்கள்.

சர்வதேசத் தபால் எண் 13 இடம் கொண்டது: இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், இரண்டு எழுத்து. கடைசி இரண்டும் அனுப்பிய நாடு. ஜெர்மனியிலிருந்து வாங்கிய பொருளின் எண் சீனக் குறியீட்டில் முடிந்தால் உடனே கேளுங்கள். இதே எண்ணை இந்திய அஞ்சல் தளத்திலும் போட்டுப் பார்க்கலாம். ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று வந்து, பார்சல் வராவிட்டால், அது மும்பையில் வேறு யாருக்கோ அனுப்பிய வெற்றுக் கவரின் எண்ணாக இருக்கலாம். உங்கள் தபால் நிலையத்தில் இந்தப் பெயருக்கு இந்த எண் வரவில்லை என்று எழுதி வாங்குங்கள். தகராறில் அந்த ஒரு தாள்தான் நிற்கும்.

11. சுங்கத்தில்

மும்பைக்கு வரும் வெளிநாட்டுத் தபால் பார்சல்களைப் பரிசோதிப்பது பல்லார்ட் எஸ்டேட்டில் உள்ள விதேஷ் டாக் பவன். அங்கிருந்து விலைக்கான சான்று கேட்டுக் கடிதம் வந்தால், இன்வாய்ஸ், ஏலப் பக்கத்தின் பிடிஎஃப், கார்டு ஸ்டேட்மென்டில் அந்த வரி, அடையாள அட்டை நகல் நான்கும் கொடுங்கள். ஏழாம் படியைச் செய்தவருக்கு இது பத்து நிமிட வேலை.

விற்பவரிடம் ‘கிஃப்ட் என்று எழுதுங்கள், விலையைக் குறைத்துப் போடுங்கள்’ என்று கேட்காதீர்கள். வெளிநாட்டு அன்பளிப்புக்கு இருந்த வரிவிலக்கு 2019 டிசம்பரில் போய்விட்டது. விலையைக் குறைத்துக் காட்டுவது சுங்கச் சட்டப்படி குற்றம். அதோடு, பெட்டி தொலைந்தால் காப்பீடு கொடுப்பது லேபிளில் எழுதிய விலையைத்தான். 400 யூரோ லென்ஸுக்கு 20 யூரோ என்று எழுதவைத்துவிட்டு, பிறகு 400 கேட்க முடியாது.

‘டெல்லி சுங்க அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பார்சலில் சிக்கல், இந்தக் கணக்குக்கு உடனே பணம் அனுப்புங்கள்’ என்று அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். சுங்கத் துறை தனிநபர் கணக்குக்கு வரி கேட்பதில்லை. அதன் கடிதங்களில் டின் என்ற ஆவண அடையாள எண் இருக்கும், அதை மத்திய மறைமுக வரிகள் வாரியத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். உண்மையான வரியைக் கொரியர் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ தபால்காரரிடம் ரசீதோடோ கட்டுவீர்கள்.

12. பொருள் தவறாக வந்தால்

பெட்டியைத் திறக்கும்போதே வீடியோ எடுங்கள்: லேபிள், ஒட்டுநாடா, எடை, உள்ளே இருப்பது, பழுது, வெட்டில்லாமல் ஒரே ஓட்டமாக. பிறகு தளத்தின் மெசேஜ் பெட்டியில் விற்பவருக்கு இரண்டு வரி எழுதி, அன்றே முறையீட்டைத் திறந்துவிடுங்கள். ஈபேயில் விற்பவருக்கு மூன்று வேலைநாள் அவகாசம். அதற்குள் தீராவிட்டால் ஈபேயை உள்ளே வரச் சொல்லலாம். பேபாலில் முதலில் டிஸ்பியூட், அதை 20 நாளுக்குள் க்ளெய்மாக உயர்த்த வேண்டும். உயர்த்தாவிட்டால் அது தானாக மூடிக்கொள்ளும், மறுபடி திறக்க முடியாது. ‘நீங்கள் முறையீட்டை மூடினால்தான் பணத்தை அனுப்ப முடியும்’ என்று விற்பவர் சொல்வது பொய். முறையீடு திறந்திருக்கும்போதே பணத்தை அனுப்ப முடியும். பணம் கணக்கில் ஏறும்வரை மூடாதீர்கள்.

திருப்பி அனுப்பும் செலவு பல நேரம் பொருளின் பாதி விலைக்கு வரும், கட்டிய சுங்க வரியைத் திரும்பப் பெறுவதும் எளிதல்ல. சின்னக் குறை என்றால் பாதிப் பணத்துக்குப் பேசி முடிப்பது நல்லது. பேச்சும் பணமும் தளத்துக்குள்ளேயே நடக்கட்டும்.

தளத்தில் தீராவிட்டால் கார்டு வங்கியில் சார்ஜ்பேக். பொதுவாக 120 நாள் அளவில் கெடு இருக்கும், வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் ஈபே தன் பக்கத்து முறையீட்டை மூடிவிடும், ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) ஆன்லைனில் போகலாம்.

நீங்கள் கட்டாத தொகை கார்டில் எடுபட்டிருந்தால் வழி வேறு. உடனே கார்டை முடக்கி, மூன்று வேலைநாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்துப் புகார் எண் வாங்குங்கள். கெடுவுக்குள் சொன்னால், உங்கள் கவனக்குறைவு இல்லாத மோசடிக்கு நீங்கள் பொறுப்பில்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. வயரிலோ நேரடி டிரான்ஸ்ஃபரிலோ ஏமாந்திருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் இன்னும் இந்தியக் கணக்குகளுக்குள் சுற்றிக்கொண்டிருந்தால் முடக்க முடியும், அதற்கு முதல் சில மணி நேரம்தான் இருக்கிறது. அழைக்கும்போது பரிவர்த்தனை எண், தொகை, நேரம், போன கணக்கின் விவரம் நான்கும் கையில் இருக்கட்டும்.